என் வாசல் சைப்ரஸை வெட்ட விடமாட்டேன்

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம். மழையோ வெயிலோ இல்லாத நேரத்திலும் என் வாசலைக் கடக்கும்போது குடையை விரித்து, தலைக்கு மேல் பிடிக்காமல், என் வீட்டுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் மடக்கிவிடுவார். பினாங்குக்கு வேலைக்கு வந்து ஆயர் ஈத்தாமில் குடியேறியதிலிருந்து எத்தனையோ விசித்திரங்களுக்குப் பழகிவிட்டேன். இது மட்டும் விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். என் வாசல் சைப்ரஸைக் கையால்கூடச் சுட்டாமல் தாடையால் காட்டி, மலாயில், "இனி போக்கோ குபூர்லா" என்றார். கல்லறை மரமாம். புதைகுழி ஓரத்தில் நடுவதை வீட்டு வாசலில் நட்டு, தெருவுக்கே துக்கத்தைக் கொண்டுவந்துவிட்டேனாம்.

நான் மறுக்கவில்லை. எங்கள் கோத்தகிரியிலும் கல்லறைத் தோட்டத்தில் சைப்ரஸ் நிற்கிறது. பள்ளிக்கூடத்திலும் நிற்கிறது, போலீஸ் ஸ்டேஷனிலும் நிற்கிறது. நான் வளர்ந்த குவார்ட்டர்ஸுக்கு வேலியே அதுதான். குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை அதன்மேல்தான் வீசுவோம். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த மரம். வந்தது, வளர்ந்தது, அந்த ஊர் மரமாகிவிட்டது. அதனிடம் யாரும் பெர்மிட் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அங்கே இருந்தவரை அதை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இங்கே தொழிற்சாலையில் நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் எரிந்து திரும்பும்போது, வாசலில் நிமிர்ந்து நிற்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

முதலில் ஆசைப்பட்டு வாங்கியது ஒல்லியாக உயர்கிற குளிர்தேசத்து இனம். பினாங்கு மழையில் வேர் ஊறி, உள்ளிலை பழுத்து, சீக்கிரமே செத்துவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்து, அதே குடும்பத்தில், தட்டையான இலைக்கொத்துகளைச் செங்குத்தாக நிறுத்திவைத்திருக்கும், சூடு தாங்குகிற இனத்தைத் தேடிப் பிடித்தேன். மண்ணில் கரடுமணல் கலந்து மேடாக்கி, தண்ணீர் தேங்காதபடி, நல்ல வெயில் விழும் இடத்தில் நட்டேன். இந்தப் பக்கம் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: கத்தரித்தால் பச்சை நுனியை மட்டும் கத்தரியுங்கள். பழுப்புக் கட்டைவரை வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது.

ஆன்ட்டி சும்மா இருக்கவில்லை. என் வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். அவர் புக்கிட் மெர்தாஜாமில் இருப்பவர், நம் தமிழர், தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். நேரில் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ பெர்மிட்டுல வந்த ஆளு. இன்னிக்கு இருப்ப, நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிருவ. பாசுல வச்சிருந்தா தூக்கிட்டுப் போலாம்லா. தரையில எதுக்கு நட்ட?"

பாசு என்றால் பூந்தொட்டி. வேலை பெர்மிட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் கறிவேப்பிலை தொட்டியில், துளசி தொட்டியில். ஆட்களும் தொட்டியில் வைத்ததுபோல்தான் இருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"போறப்ப நான் போறேண்ணே. மரம் எங்கயும் போகாது" என்றேன்.

அவர் குரல் உயர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பி வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இந்த வீறாப்பு எதற்கு என்று கூட வேலை செய்கிறவர்கள் புத்தி சொன்னார்கள். யார் வந்தாலும் குறுக்கே நிற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கேட்டருகே ஆன்ட்டி நின்றார். கையில் கத்தரிக்கோலும் சிவப்புக் காகிதமும். மகளுக்கு மறுநாள் கல்யாணமாம். அன்றிரவு பெண்ணுக்குத் தலைவாரும் சடங்கு. கூந்தலில் சிவப்பு நூலோடு சைப்ரஸ் கொத்தும் வைத்தால்தான் வாழ்வு நிலைக்குமாம். பாசார் சந்தையில் கிடைத்தது வாடிப்போயிருந்ததாம்.

கல்லறை மரமாயிற்றே ஆன்ட்டி என்று கேட்டேன். கேட்டதில் எனக்குக் கொஞ்சம் குரூர சந்தோஷம்கூட இருந்தது. அவர் அசரவே இல்லை.

"சானா, குபூர். கெப்பாலா, காவின்."

அங்கே நட்டால் கல்லறை, தலையில் வைத்தால் கல்யாணம். என்ன ஒரு நெஞ்சழுத்தம்! எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். ஆனாலும் விடவில்லை. முதலில் வீட்டுக்காரருக்குப் போன், பிறகு கொத்து என்றேன். என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் எதிரிலேயே போனை எடுத்து, வெட்ட வேண்டாம் என்று சொன்னார். கத்தரிக்கோலை அவரிடமிருந்து வாங்கி, பச்சை நுனிகளாகப் பார்த்து நானே வெட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெட்ட யாரும் வரவில்லை. தெரு முழுக்க மாப்பிள்ளை வீட்டுக் கார்கள். வெளியே வந்த பெண்ணின் கூந்தலில் என் மரத்துப் பச்சை தெரிந்தது. படம் எடுக்க வந்த மலாய்க்காரர், பெண்ணை இந்த மரத்தடியில் நிறுத்தலாமா, இது யாருடையது என்று கேட்டார்.

ஆன்ட்டி மரத்தைக் காட்டி, "கித்தா பூஞா" என்றார். நம்முடையது. அடுத்து, பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "ஓராங் லுவார்" என்றார். வெளியாள்.

படக்காரர் என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிக் கையசைத்தார். நான் நகரவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பெண் இருக்கிறாள், மரம் இருக்கிறது, மரத்தில் கை வைத்தபடி ஓரத்தில் நானும் நிற்கிறேன்.