ஏணியைப் பிடித்திருந்த கை

2006-ஆம் ஆண்டு. அப்போது நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். பதிமூன்று வயதில் என் மகள் பெரியவளானாள். அடுத்த மாதம் விழா என்று நாள் குறித்தோம். எங்கள் சொந்தத்தில் மஞ்சள் நீராட்டு என்றால் மண்டபம், பேண்டு வாத்தியம், தெருமுனையில் பெண்ணின் படம் போட்ட பேனர் எல்லாம் இருந்தே ஆக வேண்டும்.

மகளோ, "சடங்குக்கு உக்காந்துக்குறேன். பேனர் மட்டும் வேணாம்மா" என்று சொல்லியிருந்தாள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் என் அண்ணனிடம் அவள் போட்டோவைக் கொடுத்துவிட்டேன். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம்தான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளியிலிருந்து வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். ஆளுயர பேனரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மாமன், சித்தப்பா படங்கள். ஒருவருக்குக் கூலிங் கிளாஸ் வேறு. அண்ணன் ஏணிமேல் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்திருந்தது நான்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மாமா, எறக்கிடுங்க" என்றாள்.

"ஊரே வைக்குதும்மா. வைக்கலன்னா தாய்மாமன் ஒண்ணும் செய்யலன்னு என்னத்தான் பேசுவாங்க."

"என் கிளாஸ் பசங்க இந்த வழியாத்தான் சைக்கிள்ல போறாங்க மாமா. என் விஷயத்த யாருக்குச் சொல்லணும்னு நான்தான முடிவு பண்ணணும்?"

குரல் நடுங்கியது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் சடங்குக்கு மைக்செட் கட்டித் தெருவுக்கே அறிவித்ததும், நான் ஒரு வாரம் வாசல் பக்கமே தலைகாட்டாததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தப்பு என்னுதுதாண்ணா. அவுத்துடு" என்றேன்.

அண்ணன் அவிழ்த்தார். ஞாயிறன்று விழாவுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் சீர்த்தட்டு எடுத்து வந்தார். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து அவளுக்குச் சிதம்பரத்தில் கல்லூரி இடம் கிடைத்தது. அண்ணன் போன் செய்து நேராக அவளிடமே கேட்டார்: "வாழ்த்து பேனர் ஒண்ணு வைக்கட்டாம்மா?"

"வேணாம் மாமா. என்ன ஹாஸ்டல்ல விட நீங்க வாங்க, அது போதும்" என்று சிரித்தாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார் அண்ணன்.

ஏணியைப் பிடித்திருந்த என் கையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அந்த ஏணியிலிருந்து மாமனை இறங்க வைத்தவள் என் வயிற்றில் பிறந்தவள் என்று நினைத்தாலோ, தலை தானாக நிமிர்கிறது.