கண்ணாடியில் தெரிந்த லயம்

கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். கால்வாயை அகலப்படுத்தக் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினோம். எந்தெந்த வீட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று வரைபடம் வேண்டும் என்றார்கள். ரவாங்கில் கணினி வேலை பார்ப்பதால் அது என் தலையில் விழுந்தது.

கையால் வரைய எனக்கு வராது. நிரல் எழுதி வரைந்தேன். படம் வரைவதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பான வரைகலை நூலகத்தை நேரடியாகக் கையாளுவது சிரமம் என்பதால், அதை எளிதாக்கி யாரோ எழுதியிருந்த மேலுறை ஒன்றைப் பயன்படுத்தினேன். ஒரு வரி எழுதினால் ஒரு கோடு விழும். வீடுகள், வீட்டு எண்கள், சாலை, கால்வாய் எல்லாம் வந்துவிட்டன.

கோயில் மண்டபத்தில் அதைக் காட்டியபோது, கடைசி வீட்டு அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ரோட்டுலேருந்து உள்ள வந்தா என் வீடு இடது கை பக்கம்லா. எப்படித் திருப்பினாலும் வலது பக்கமே வருது."

அவர் சொன்னது சரி. நான் படத்தின் உயரத்தைக் கீழிருந்து மேலே அளந்திருந்தேன். கணினி மேலிருந்து கீழே எண்ணும். அதனால் லயம் முழுவதும் கண்ணாடிப் பிம்பமாக விழுந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் படத்தைப் புரட்ட ஒரு வரி சேர்த்தேன். வீடுகள் சரியாயின, எண்கள் தலைகீழாயின. புரட்டலை வீடுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு எண்களைத் தனியாக எழுதினேன்.

அதிகாரி திருத்திய தாளோடு வந்து வீடு வீடாகப் பார்த்தார். சில மாதங்களில் கால்வாயை அகலமாகத் தோண்டினார்கள்.

"என் வீட்ட கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்" என்றார் அக்கா.