மலையில் ஒரு மதிய ஓய்வு

சும்மா உட்கார எனக்குத் தெரியாது. அபுதாபி முசஃபாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் வேலை. ஹெல்மெட் போடாதவனைத் திட்டி, பெல்ட் மாட்டாதவனைக் கீழே இறக்கி, நாள் முழுக்க சைட்டில் நடந்துகொண்டே இருப்பவன். வீட்டுக்கு வந்தாலும் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். போன பக்ரீத் சமயம் மனைவியும் மகளும் கொழுந்தியாளின் வளைகாப்புக்காகத் திருச்சி போயிருந்தார்கள். எனக்கு நான்கு நாள் விடுமுறை. முதல் நாள் மதியத்துக்குள் ஃபிரிட்ஜைத் துடைத்து, செருப்பு அலமாரியை அடுக்கி, ஏசி ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டேன். இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலமே ஜார்ஜியாவுக்கு டிக்கெட் போட்டேன். அமீரகத்தில் ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குளிர் நாடு சுலபம். தனியாக விசா எடுக்கவேண்டியதில்லை, கைக்கடிகாரத்தைக்கூட மாற்றவேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு வருடம் முன்பு ராஸ் அல் கைமா மலையில் தனியாகத் திரிந்து, கணுக்கால் பிசகி வந்தேன். அதிலிருந்து, தனியாக மலை ஏறமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

போனில் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"தனியாவா?"

"சேச்சே. நம்ம பில்டிங்ல இருக்காரே பிளானிங் இன்ஜினியர், அவரும் வர்றாரு."

வாய் கூசவில்லை. அந்த மனிதர் பக்ரீத்துக்கு என்ன செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. "சரி, மலையிலேர்ந்து இறங்கினதும் ஆறு மணிக்குக் கூப்பிடுங்க, உங்க ஊர் டைம்," என்றாள்.

மறுநாள் விமானம், அடுத்த நாள் விடியலில் வேன் என்று ஒரு மலைக் கிராமத்தில் போய் இறங்கினேன். திரும்பும் வேன் மாலை ஐந்துக்கு. பனி உறைந்து கிடக்கும் விளிம்பைத் தொட்டுவிட்டு வரலாம் என்பது திட்டம். வந்தவர்கள் எல்லாம் கோபுரத்தைப் பார்ப்பதுபோல மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் கீழே பார்த்துக்கொண்டே ஏறினேன். உருளும் கல், கைப்பிடி இல்லாத விளிம்பு, வழுக்கும் புல், எச்சரிக்கைப் பலகை ஒன்றுகூடக் கிடையாது. இந்த மலையை எங்கள் சைட்டில் வைத்திருந்தால் முதல் நாளே இழுத்து மூடியிருப்பேன். நின்று ரசிக்கலாம் என்றால் கால் நிற்கவில்லை. ஒரு வளைவைத் தாண்டினால் அடுத்த வளைவில் என்ன என்று பார்க்கவேண்டும். அதைப் பார்த்தால் மணியைப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பனியைத் தொட்டாயிற்று. கை விறைத்ததுதான் மிச்சம்.

சப்பாத்தி ரோலைத் தின்ன ஒரு பாறையைத் தேடினேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் சுற்றிப் போய் நிழலில் உட்கார்ந்தேன். ஏன் என்று யோசிக்கவே இல்லை. நாங்கள் நிழலைத் தேடும் சாதி. வெயில் காலத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை திறந்த வெளியில் வேலை கூடாது என்பது அமீரகத்தில் சட்டம். விசில் ஊதி எல்லோரையும் நிழலுக்குத் துரத்துகிறவன் நான்தான். பதினோரு வருடமாக அந்த நேரத்துக்கு ரெஸ்ட் ஷெல்டரில் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடிப் பழகிய உடம்பு. சும்மா உட்காரத் தெரியாதவனுக்கு நாளில் அது ஒன்றுதான் ஓய்வு. முதுகுப் பையைத் தலைக்கு வைத்ததுதான் தெரியும்.

விழித்தபோது மணி இரண்டே முக்கால். பல் தந்தியடித்தது. விரல்கள் மடங்க மறுத்தன. எழுந்து பாறையைச் சுற்றி வந்தால் மலையைக் காணவில்லை. பனிமூட்டம் இறங்கி, நீட்டிய கைக்கு அப்பால் ஒன்றுமில்லை. போனில் சிக்னலும் இல்லை.

வழி தெரியாவிட்டால் நின்ற இடத்தில் நில், ஆளைக் கூப்பிடு. தினமும் காலையில் நூற்றுக்கணக்கான பேருக்குத் தமிழிலும் இந்தியிலும் நான் சொல்லும் பாடம் இது. நான் நின்றேனா? பத்து அடி இடப்பக்கம் போனேன். இது இல்லை என்று திரும்பினேன். வலப்பக்கம் இருபது அடி. பாறையும் கைவிட்டுப் போனது. மூன்றாவது முயற்சியில் கால் வழுக்கி, ஈரப் புல்லில் உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, ஒரு கல்லில் முட்டி இடித்து நின்றேன். கல்லுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிப் பார்த்தேன். தரை தட்டவில்லை.

அப்போது பயந்தேன். நன்றாகவே பயந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் யார் கொண்டுவிடுவார்கள் என்று ஒரு அற்ப விஷயம் நினைவுக்கு வந்தது. கூடவே, போன வருடம் சாரத்தில் தனியாக நின்றதற்காக நான் கீழே இறக்கி கேம்ப்புக்கு அனுப்பிய ராமநாதபுரத்து ஆள். "டீ குடிக்கப் போனவன் இப்ப வந்துருவான் சார், ஒரு நிமிசந்தான்," என்று கெஞ்சினார். ஒரு நிமிஷம் போதும் சாவதற்கு என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவருக்காவது டீ குடிக்கப் போன ஒருவன் இருந்தான்.

சாவிக்கொத்தில் அந்த விசில் இருந்தது. கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊத ஆரம்பித்தேன். ஊதி, நிறுத்தி, காது கொடுத்து, மறுபடி ஊதி. எழுந்து ஓடு ஓடு என்று கால் துடித்தது. இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். முதலில் ஒரு நாய் குரைத்தது. அப்புறம் நாய் வந்தது. அதன் பின்னால், கம்பளிக் குல்லாய் போட்ட ஆட்டிடையர் ஒருவர்.

என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, மூட்டத்தைச் சுட்டிக் கேட்டார். இன்னொரு ஆள் எங்கே? நான் ஒரு விரலைக் காட்டினேன். மலைக்கு ஒருவன் தனியாக வருவான் என்று அவர் நம்பவில்லை. நான் உளறுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வாயில் கையைக் குவித்து மூட்டத்துக்குள் நாலு முறை கூவினார். இல்லாத அந்த இரண்டாவது ஆளுக்காக நாயையும் அனுப்பினார். அது வெறுமனே திரும்பி வரும்வரை இருவரும் காத்திருந்தோம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கிராமத்தில் கொண்டுவந்து விட்டபோது மணி ஆறு பத்து. வேன் போய்விட்டிருந்தது. ரொட்டிக்கடை வாசலில் நின்று மனைவிக்குப் போன் அடித்தேன். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்தாள்.

"இறங்கிட்டீங்களா?"

"இறங்கியாச்சு."

"அவரு எங்க? சாப்பிட்டாரா?"

சாப்பிட்டார் என்று சொல்ல ஒரு வினாடி போதும். வாய்வரை வந்தும்விட்டது. இடையர் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் நின்று, நான் இருக்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவரு வரல. நான் மட்டும்தான் வந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"காலைலயே அவங்க வீட்டம்மா ஓமான் சலாலாலேர்ந்து ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டிருந்தாங்க. அவரு நடுவுல நிக்கிறாரு."

காலையில் ஏறத் தொடங்கும்போது இவளிடம் பேசியிருந்தேன். "பாத்து ஏறுங்க ரெண்டு பேரும்," என்றுதான் சொல்லியிருந்தாள்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"மலை ஏறப்போற மனுசன்கிட்ட சண்டை போட்டா, அதையே நெனச்சுக்கிட்டுக் காலை எங்கயாவது வச்சுருவீங்கன்னுதான்." குரல் உடைந்து, சரியானது. "இப்ப கீழதான இருக்கீங்க?"

"கீழதான்."

"எங்கயாவது உக்காருங்க."

ரொட்டிக்கடைப் படியில் உட்கார்ந்தேன். அவள் ஆரம்பித்தாள். அவள் முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.