பெனிசிலின் ஆகாத வீரம்மா

றொசல்லப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வீரம்மாவுக்குப் பெனிசிலின் ஆகாது என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலுக்கு அதைக் குடித்து உடம்பெல்லாம் தடித்துப்போனதாம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

"எனக்கு அது பட்டாலே ஆள் அவுட்டு!"

போன வருடம் காலில் கட்டை குத்திய புண் பழுத்துவிட்டது. மாற்று மாத்திரைகளெல்லாம் வயிற்றைப் புரட்டின. கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயந்தினி ஒரு வழி சொன்னார்.

"ரத்தம் எடுத்துப் பார்ப்போம் அம்மா. மருந்து ஆகாதவங்க ரத்தத்தில அந்த மருந்துக்குன்னே ஒரு எதிர்ப்பொருள் இருக்கும்."

முடிவு வந்தது. அப்படி எதுவும் இல்லை.

வீரம்மாவின் முகம் தொங்கிப்போனது. "நல்லாத் தேடினீங்களா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சில பேருக்கு ரத்தத்தில தெரியாமலும் போகும். அதை மட்டும் நம்ப மாட்டோம். தோல்லயும் சோதிச்சிட்டு, இங்கயே வச்சு மருந்தைக் குடுத்துப் பார்ப்போம்."

தோலிலும் ஒன்றும் காணவில்லை. வார்டில் படுக்கவைத்து, அவசர ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, மருந்தை முதலில் துளியாகவும் பிறகு முழுதாகவும் கொடுத்தார்கள். கணவன் அழகனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து பதமாக வாடுகிறதா என்று பார்க்கிற வேலை. அதே பார்வையோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, மூஞ்சி வீங்குதா?"

"எப்பவும் போலத்தான் இருக்கு."

"அப்படின்னா?"

"வீங்கித்தான் இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து கண்ணில் நீர் முட்டியது. நர்ஸ் ஓடி வந்தார். "மூச்சு அடைக்குதா?"

"இல்ல மிஸ், இந்த மனுசன்தான்!"

அழகனை வாசலுக்கு அனுப்பினார்கள். அங்கே நின்று கன்னத்தை உப்பிக் காட்டினான். வார்டே சிரித்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து சொன்னார்: "உங்களுக்குப் பெனிசிலின் தாராளமா ஆகும் அம்மா."

வீரம்மா அவரைக் கட்டிப்பிடித்தாள். நர்ஸையும் பிடித்தாள். பக்கத்துக் கட்டில்காரி போர்வைக்குள் புகுந்துகொண்டாள். ஹட்டன் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம், "தம்பி, பெனிசிலின்!" என்றாள்.

"அந்தப் பக்கம் போகாது அக்கா, இறங்குங்க."

ஊருக்கு டிக்கெட் எடுத்து, பாதி வழி தாண்டியும் அவளுக்கும் அழகனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த மருந்திலேயே புண் ஆறியது. மாரியம்மன் திருவிழாவில் கும்மி முடிந்து எல்லோரும் சோற்றுக்குப் போன பிறகும், வீரம்மா மட்டும் ஆறிய காலோடு சுற்றிக்கொண்டிருந்தாள்.