எண்ணாமல் விட்ட செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘சீவல் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எலியின் சிறுமூளையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாக எடுத்துத்தர அந்தக் கட்டடத்தில் அவரைவிட்டால் ஆளில்லை. சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்துச் செல்களை எண்ணித் தருவதும் அவர் பாடுதான். இருபத்தாறு வருடமாக ஒரு குறைச்சொல் கேட்டதில்லை.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மூன்று வருடமாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடை தள்ளாடும் நோய் கண்ட எலிகளின் சிறுமூளையில் பெரிய நரம்புச் செல்கள் ஏன் செத்துப்போகின்றன? அவற்றை ஒட்டி ‘கிளியா’ என்ற சின்னச் செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல்கள் தங்களுக்குள் சேதி அனுப்பும்போது சிந்துகிற ரசாயனத்தை வழித்தெடுப்பது கிளியாதான். அப்படியே தேங்கவிட்டால் அதுவே நரம்புச் செல்லுக்கு விஷம்.

“வீட்டைக் கூட்டிப் பெருக்குறவங்க முதல்ல படுத்துடுறாங்கண்ணே. அப்புறம்தான் வீட்டுக்காரருக்கு ஆபத்து. எனக்கு அப்படித்தான் தோணுது” என்பாள்.

அதனால் தகட்டுக்கு இரண்டு கணக்கு: நரம்புச் செல் எத்தனை, கிளியா எத்தனை.

அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. பெரிய செல்கள் தெரிந்தன. கிளியா வெறும் புகையாகத் தெரிந்தது. கண் போனால் வேலையும் போகும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கிளியாவுக்கு நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று, பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராதபடி கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதி வைத்தார்.

ஒருநாள் அவள் முகம் செத்து வந்து உட்கார்ந்தாள்.

“நான் நெனச்சது தப்புண்ணே. கிளியா கடைசிவரைக்கும் குறையவே இல்ல.”

“இன்னொருவாட்டி பாத்தா என்னம்மா?”

“நீங்க எண்ணினதாச்சே, அதுல என்ன தப்பு வரப்போகுது?”

அவரால் தலை நிமிர்த்த முடியவில்லை.

வீட்டில் மனைவி, “எவ்வளவு நேரம்தான் தட்டுலயே கைய வச்சுக்கிட்டு இருப்பீங்க? என்ன ஆச்சு?” என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் காலை மாணவியிடம் சொன்னார்.

“எத்தன தகடு?” என்று மட்டும் கேட்டாள்.

“முந்நூத்திப் பத்தும்மா. பெரிய செல்லெல்லாம் நெஜமா எண்ணினது. கிளியா எல்லாமே என் ஊகம்.”

அவள் சத்தம் போடவில்லை. நோட்டை மூடி எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எண்ணும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண் அறுவை முடிந்து அவர் திரும்பி வந்தபோது, கணக்கு ஒருபக்கம் சாயாதிருக்க, எது நோயுள்ள எலியின் தகடு என்று சொல்லப்படாத இரண்டு பேர் அத்தனை தகட்டையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதம் பிடித்தது.

அவள் நினைத்ததுதான் சரி. நோயுள்ள எலிகள் பிறந்த ஆறாவது வாரத்திலேயே கிளியா பாதியாகியிருந்தது; அப்போது நரம்புச் செல்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன.

ஆனால் அந்த முடிவு வந்ததும் தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்த வெளியூர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அலுவலக எழுத்தர் போகிறபோக்கில் சொல்லித்தான் அண்ணனுக்கே தெரியும். ஓடிப்போய் அவள்முன் நின்றார்.

“என்னாலதானம்மா...”

“விடுங்க. வேற எடம் கெடைக்காமலா போயிடும்?” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆய்வேடு அச்சாகி வந்தது. நன்றிப் பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது. எடுத்துவிடச் சொல்லி அவர் முன்பே கெஞ்சியிருந்தார்.

“சீவினது நீங்கதானே? அதுல பொய் இல்லையே” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.