விளிம்புவரை ஒரு கிண்ணம்

பூர்மகானைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மலைமேலிருக்கும் சோங்-கோல் ஏரிக்கரைக்கு மேய்ச்சலுக்கு வருகிற ஒருவரையும் அவள் கிண்டலடிக்காமல் விட்டதில்லை. வெளியூர் போய் அறியாதவள். கோடையில் ஏரிக்கரை, குளிரில் அடிவாரக் கிராமம், அவ்வளவுதான். ஆனால் வெளியூரெல்லாம் அவளுடைய கம்பளிக் கூடாரத்துக்கு வந்தது, முதுகில் மூட்டையும் தோலுரிந்த மூக்குமாக.

ஆரம்பத்தில் அந்தச் சுற்றுலாக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கு ஊற்றுவது போலத்தான் தேநீர் ஊற்றினாள், கிண்ணத்தில் பாதிகூட இராது. நீங்கள் உட்கார்ந்திருங்கள், திரும்பத் திரும்ப ஊற்ற எனக்கு அலுப்பில்லை என்று அதற்கு அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைக்கும் இது தெரியும். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தேநீரில்கூடவா கஞ்சத்தனம் என்று முகம் சுளித்தார்கள்.

"அக்கா, நிறைய ஊத்துங்க. உங்க பேருதான் கெட்டுப்போகுது," என்றான் அவர்களைக் கூட்டிவரும் கனிபெக்.

"வந்தவங்கள நானே விரட்டணுமாடா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

திட்டினாள், பிறகு விளிம்புவரை ஊற்றவும் ஊற்றினாள். அவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தபோது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சில கோடைகளில் கை பழகிவிட்டது. பாவம், கைக்கு என்ன தெரியும்!

முதலில் முகம் சுளித்தவர்களில் ஃபெம்கே என்ற டச்சுப் பெண்ணும் ஒருத்தி. அவள் மட்டும் வருஷா வருஷம் வந்தாள். குதிரைப்பால் கறக்கக் கற்றாள், எங்கள் பேச்சையும் தத்தித் தத்திப் பேசினாள். கடைசியில் வீட்டில் ஒருத்தியாகவே ஆகிவிட்டாள்.

ஃபெம்கே வந்திருந்த ஒரு கோடையில் பூர்மகானின் மகள் அய்பீக்கேயைப் பெண் கேட்டு மறுகரையிலிருந்து இமானலி வந்தார். அவர் மகனும் அய்பீக்கேயும் ஒருவருக்கொருவர் உயிராக இருந்தார்கள். முறுக்கிக்கொண்டு நின்றவர் இமானலிதான். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களோடு புழங்கும் வீட்டில் நம் மரியாதை எங்கே இருக்கப்போகிறது என்பது அவர் சந்தேகம். மகன் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தான். அவர் சரி என்றால்தான் கல்யாணம்.

பூர்மகானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரை வாசலுக்கு எதிரே, மரியாதையான இடத்தில் உட்காரவைத்தாள். ரொட்டியும் பாலாடையும் பரப்பினாள். வாய் பேசிக்கொண்டேயிருக்க, தேநீரை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

கிண்ணம் விளிம்புவரை தளும்பியது.

இமானலி அதை வாங்கிக் கீழே வைத்தார். அய்பீக்கேயின் முகம் வெளுத்துவிட்டது.

"நல்லதும்மா. புரிஞ்சுது," என்று முழங்காலில் கையூன்றி எழப்போனார்.

பூர்மகான் அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்தாள். ஏரிக்கரையையே ஆட்டிவைத்த வாய்க்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஃபெம்கேதான் தன் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரெதிரே போய் மண்டியிட்டாள்.

"பெரியப்பா, போகாதீங்க. தப்பு எங்க மேல. நாங்கதான் நிறைய நிறையன்னு கேட்டு அக்கா கையக் கெடுத்தோம். இப்ப நான் எங்க ஊர்ல கொஞ்சமாத்தான் ஊத்தறேன். எங்கம்மா என்னைக் கஞ்சப்பிசினாறின்னு திட்டறாங்க."

சொல்லிக்கொண்டே அவர் கிண்ணத்திலிருந்த தேநீரில் பெரும்பங்கைத் தன் கிண்ணத்தில் சாய்த்துக்கொண்டாள். மிச்சத்தை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

இமானலி அவளையும் பூர்மகானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கேயோ பொறந்தவ நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டா. இங்கேயே பொறந்த நீ எங்கம்மா போயிட்ட?"

"தொலைஞ்சுதான் போயிட்டேன், சம்பந்தி," என்று சொல்லும்போதே பூர்மகானுக்கு அழுகை வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், அவர் இன்னும் சம்மதமே சொல்லவில்லை என்பது உறைத்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இமானலி கிண்ணத்திலிருந்ததை நிதானமாகக் குடித்தார். பிறகு காலிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

"ஊத்துங்க சம்பந்தியம்மா," என்றார். "கொஞ்சமா."