காயில்காரருக்கு மிஞ்சிய சொல்

எங்கள் தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றுதான் பேர். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், கருகிய கம்பியை அறுத்தெடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, புதுக் கம்பி கட்டி ஓடவைத்துக் கொடுப்பார். அவர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பதினெட்டு வருஷம் அவருடைய வார்னிஷ் வாசனையில்தான் நான் காகிதம் புரட்டினேன்.

லேசில் மசிகிற மனிதர் இல்லை. யார் என்ன சொன்னாலும் முதலில் "அதெப்படி?" என்பார். பிறகுதான் என்ன சொன்னார்கள் என்றே யோசிப்பார். "இவர்கிட்ட மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட வெளிய கை நீட்டிப் பார்த்துட்டுத்தான் ஒத்துக்குவார்" என்று அவர் மனைவி சலித்துக்கொள்வாள்.

அவருக்கு இரண்டும் பெண்கள். சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன அண்ணன், "விடுடா தம்பி, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று தோளைத் தட்டினாராம். குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்ததாம். "அடுத்தது எதுக்குண்ணே? இதுவே நல்லாத்தானே ஓடுது" என்றாராம் இவர், மோட்டாரைச் சொல்வதுபோல.

வளர்த்த விதமும் அப்படித்தான். வீட்டில் பாத்திரம் தேய்ப்பதற்கு முறை உண்டு. அவர் முறை வந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே உட்காருவார். பெண்ணுக்கு என்ன படிப்பு, எப்போது கல்யாணம் என்று யாராவது கேட்டால், "அவளுக்கும் வாய் இருக்கே. அங்க கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவன் நான். சிரிப்பதற்கு மட்டும் குறைச்சலில்லை.

பெரியவள் பன்னிரண்டு வயதிலேயே கடைக்கு வர ஆரம்பித்துவிட்டாள். மோட்டாரின் உள்வட்டத்தில் பல் பல்லாகப் பள்ளங்கள் இருக்கும். அதில் காகிதம் வைத்து, கம்பியை இழை இழையாக இறக்க வேண்டும். மேல்பூச்சு ஒரு இடத்தில் கீறினாலும் மொத்த வேலையும் போச்சு. இருபது வயதில் அந்த வேலையில் அவள் அப்பாவைத் தாண்டிவிட்டாள். அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு தடவை மாவு மில்காரர் ஒருவர் மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு, அவள் அதைத் தொட்டதும், "பொண்ணு கையில குடுக்கவா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்?" என்றார்.

"இந்தக் கடையில முதல் கை அவதுதான். ரெண்டாவது கைதான் வேணும்னா நான் கட்டித் தரேன்" என்றார் காயில்காரர்.

மில்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதையாக இருந்தால், வேறெங்கோ கொடுத்துக் கெட்டுக் குட்டிச்சுவராகித் திரும்பி வந்திருப்பார். இவர் வரவே இல்லை. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மில்காரர்களும் நின்றுபோனார்கள். பெரியவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

சின்னவளுக்குக் கம்பியில் நாட்டமில்லை. நில அளவை படிக்கிறேன் என்று வெளியூர் போய் விடுதியில் தங்கினாள். ஒரு தடவை லீவுக்கு வந்தபோது எங்கள் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அளந்து, என் கடைப் படி தெருவுக்குள் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். காயில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் அசட்டையாக இருந்துவிட்டார். கடைக் கட்டடம் அவருடைய அப்பா பேரிலேயே கிடந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்து எழுதிக்கொள்ளவே இல்லை. "எழுதி வெச்சுக்கோங்க" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "அதெப்படி? என் அண்ணன் என்ன எதிரியா?" என்பார். எதிரி இல்லைதான்.

ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். தொடர்ந்து பெரியவளின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். காயில்காரர் முக்காலியிலிருந்து சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாதி கட்டிய மோட்டார் மடியிலிருந்து உருண்டு போயிருந்தது. அவளும் நானுமாகத் தூக்கிக் கடைச் சரக்கு வண்டியில் படுக்கவைத்தோம். வண்டியை அவள்தான் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உடனே ஊசி போட வேண்டும், அதற்குக் கையெழுத்து வேண்டும். காகிதத்தோடு வந்தவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"கூட வந்திருக்கிற ஆம்பளை நீங்கதானே? இங்க போடுங்க."

"நான் அவரோட பொண்ணு. எனக்கு இருபத்தஞ்சு வயசாகுது" என்றாள் அவள்.

"அதுக்கில்லம்மா. பின்னாடி பிரச்சினை வரக்கூடாது பாரு."

அவள் என்னிடம் திரும்பி, "போடுங்க மாமா. சண்டை போட இப்ப நேரமில்லை" என்றாள். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பக்கத்துக் கடை' என்று எழுதினேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். "சரி" என்றார். டம்ளரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போர்த்திவிடவா?" "சரி" என்றபடியே இடது கையால் போர்வையைத் தள்ளினார்.

டாக்டர் பெண்களுக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். "நீங்க பேசறதெல்லாம் அவருக்குப் புரியும். நாக்குல ஒரே ஒரு வார்த்தைதான் மாட்டிக்கிட்டிருக்கு. வேணும்னு நினைச்சாலும் அதுதான் வரும், வேண்டாம்னு நினைச்சாலும் அதுதான் வரும்."

விடுதியிலிருந்து ஓடிவந்திருந்த சின்னவள், "முப்பது வருஷமா அம்மா காத்திருந்த வார்த்தை. இப்பத்தான் கிடைச்சிருக்கு" என்றாள். அம்மாவே சிரித்துவிட்டாள். அவரும் பாதி முகத்தால் சிரித்தார். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அண்ணன் தினமும் வந்தார். பொய் சொல்லக்கூடாது, தம்பியைக் குழந்தைபோலத் தூக்கிக் குளிப்பாட்டினார், நகம் வெட்டினார், வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர் இருவரோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"தம்பி, கடை தள்ளாடுது. ஒத்தப் பொண்ணை நம்பி யாரும் மோட்டார் கொண்டுவர மாட்டேங்கிறாங்க. என் பையன் சும்மாதானே இருக்கான். அவன் பார்த்துக்கட்டுமா?"

"சரி" என்றார் காயில்காரர்.

"பார்த்தீங்களா" என்று அண்ணன் மற்றவர்களைப் பார்த்தார்.

காயில்காரர் இடது கையால் கட்டில் கம்பியை அறைந்தார். "சரி! சரி! சரி!" கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. எவ்வளவு பலமாக மறுத்தாரோ அவ்வளவு பலமாகச் சம்மதம் வந்தது. நான் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களில் அதைத்தான் மறக்க முடியவில்லை.

"பெரியப்பா, அப்பா வேண்டாம்னு சொல்றாரு" என்றாள் பெரியவள்.

"என்னம்மா நீ? சரின்னு நாலு தடவை சொல்றான். சந்தோஷத்துல அழறான்."

மறுநாள் அவள் என் கடைக்கு வந்தாள். ஒரு அட்டையின் இடது பாதியில் 'ஆமாம்', வலது பாதியில் 'இல்லை' என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். மேலே பிளாஸ்டிக் உறையும் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் அப்பாவைப் பழக்கினாள். அடுத்த ஞாயிறு எல்லோரையும் மறுபடி உட்காரவைத்து, அட்டையை அவர் முன்னால் பிடித்தாள்.

"அப்பா, நீங்க பொம்பளையா?"

விரல் 'இல்லை'யில் போய் நின்றது. உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

"நான் உங்க மூத்த பொண்ணா?"

ஆமாம்.

"கடையைப் பெரியப்பா பையன் எடுத்துக்கணுமா?"

விரல் தடுமாறவில்லை. இல்லை. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். இல்லை. அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

அண்ணன் மிகவும் தணிந்த குரலில், "மூளை பாதிச்ச ஆள்மா. அவன் விரல் எங்க விழுதுன்னு பார்த்துக் குடும்ப விஷயத்தை முடிவு பண்ண முடியுமா?" என்றார்.

"போன வாரம் அவர் சரின்னு சொன்னதை மட்டும் எப்படி எடுத்துக்கிட்டீங்க?"

"பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" என்று உறவுக்காரர்களில் ஒருவர் எழுந்துவிட்டார். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். கணவன் வாய் ஓயாமல் பேசிய காலமெல்லாம் அவர் பின்னால் நின்று தலையாட்டிய அம்மா, இப்போது முந்தானையை முறுக்கிக்கொண்டு, "நாளைக்கு ஒரு ஆபத்துன்னா உங்க பெரியப்பாதானேடி வந்து தூக்கணும்" என்றாள். அவள் என்னையும் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போனபின் பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தாள். "விடுங்கப்பா. உங்களையும் எங்க பொம்பளைங்க கூட்டத்துல சேர்த்துட்டாங்க. தலையாட்டினா ஏத்துக்குவாங்க, மாட்டேன்னா புத்தி சரியில்லைம்பாங்க" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்த ஒரு சொல்கூட வரவில்லை.

அடுத்த வாரம் கடைப் பூட்டு மாறியது. கட்டடம் தாத்தா பேரில் இருக்கும்போது யாரிடம் போய் முறையிடுவது? பெரியவள் தன் கத்தரிகளையும் கம்பிச் சுருள்களையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போனாள். நாலைந்து இடம் ஏறி இறங்கி, ஊருக்கு வெளியே ஒரு பம்பு பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே அவளுக்கு டேபிள் ஃபேன் காயில்தான் கொடுத்தார்கள். பெரிய மோட்டாரெல்லாம் ஆண்களுக்கு. விடிந்து போனால் இருட்டித்தான் வருவாள்.

அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, தூக்கி உட்காரவைக்க அம்மா ஒருத்தியால் முடியவில்லை. அண்ணன் வருகையும் வாரம் ஒன்றாகக் குறைந்தது. சின்னவளுக்குப் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவள் விடுதியைக் காலி செய்துகொண்டு பெட்டியோடு வந்திறங்கிய அன்று, அவர்களுக்கு மருந்துச் சீட்டு நகல் கொடுக்க நான் போயிருந்தேன்.

அவள் கட்டிலருகில் போனாள். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த அட்டையை எடுத்து அலமாரி மேலே, அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அப்புறம் குனிந்து கேட்டாள்.

"அப்பா, ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வெச்சுட்டு உங்களைப் பார்த்துக்கறேன். சரியா?"

அவர் அவளையே பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல் வந்துவிடாமல் எவ்வளவு நேரம் தாங்கினாரோ தெரியாது, முகம் சிவந்துவிட்டது. கடைசியில் அது வந்துவிட்டது.

"தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு வருஷம் இரண்டரை வருஷமாயிற்று. ஒரு பிற்பகலில், சின்னவள் அவருக்குச் சவரம் செய்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போன நேரத்தில், காயில்காரர் போய்விட்டார். திரும்பப் படிக்க வருகிறேன் என்று அவள் எழுதியதற்கு, இடைவெளி அதிகமாகிவிட்டது, சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. மறுபடி முதல் வருஷத்திலிருந்து விண்ணப்பம் போட, சான்றிதழ்களை நகலெடுக்க என்னிடம் வந்தாள். இன்னும் பதில் இல்லை. பெரியவள் இப்போதும் டேபிள் ஃபேன்தான் கட்டுகிறாள்.

பக்கத்துக் கடையில் மோட்டார் வேலை ஓடவில்லை. அண்ணன் மகன் அதை மூட்டை முடிச்சு வைக்கிற கிடங்காக வாடகைக்கு விட்டுவிட்டான். வாடகை வாங்க வரும் நாளில் அண்ணன் என் கடையில் கொஞ்சநேரம் உட்காருவார். போன மாதமும் வந்தார். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது.

"என் மனசுல ஒரு நிம்மதி" என்றார். "எதையும் அவனைக் கேட்காம நான் செய்யல. எல்லாம் அவன் வாயால சம்மதம் சொல்லித்தான் நடந்தது."

அப்படியே நம்பிச் சொன்னார். நானும் அந்த அறையில் இருந்தேன், அந்த விரலைப் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர் ஆதார் நகல் வேண்டும் என்று வந்து நின்றார். எத்தனை காப்பி என்று அவரிடம் கேட்டேன்.